மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்

துவாஸ் லிங்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, நிறுவன வேனில் பத்து நிமிடம் போனால் எங்கள் பட்டறை வந்துவிடும். இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, சாயம் பூசி அனுப்பும் இடம். அங்கு நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டறையின் ஓய்வறையில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூன்றடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. சென்ற தீபாவளி வரை அதில் பதினொரு தங்கமீன்கள் இருந்தன.

இப்போது நான்கு. மீதி ஏழும் போனதற்கு நான்தான் காரணம்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் எங்கள் மேற்பார்வையாளர் அண்ணன். சென்னை கொளத்தூர்க்காரர். வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன வட்டாரம் அது. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஃபைட்டர் வளர்த்து விற்கும் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். பள்ளி விட்டு வந்ததும் தொட்டி கழுவுவதுதான் தன் வீட்டுப்பாடம் என்பார். தங்கும் விடுதியில் மீன் வளர்க்க வழியில்லை. அலுவலகத்தில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய தொட்டியைக் கேட்டு வாங்கி, முதலாளியிடம் அனுமதி பெற்று ஓய்வறையில் வைத்துவிட்டார். மகளுடன் காணொளியில் பேசும்போது கைப்பேசியைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டுவார். ஒவ்வொரு மீனுக்கும் அந்தப் பிள்ளை ஒரு பெயர் வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகும்போது, "தம்பி, ஒரு வேளை தீனி போடு. வேற எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தொட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்பு வேலைக்காகப் பட்டறையில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால், பதினொரு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் அரிசி கழுவியது போல லேசாகக் கலங்கியிருந்தது. கைப்பேசியில் தேடினேன். செவுளில் ஒட்டுண்ணி இருந்தால் இப்படித்தான் மூச்சு வாங்கும் என்று இருந்தது. வேலை முடிந்ததும் கடைக்குப் போய் இரண்டு புட்டி மருந்து வாங்கி வந்தேன். மருந்து போடும் முன் சுத்தம் செய்வோம் என்று பழைய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுக் குழாயிலிருந்து நேராகப் புதுத்தண்ணீர் பிடித்தேன். வடிகட்டியின் பஞ்சு கறுத்துப்போயிருந்தது. அதையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். பிறகு நீல மருந்தை ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் மாற்றம் தெரியாததால் மஞ்சள் மருந்தையும் சேர்த்து ஊற்றினேன். அளவெல்லாம் கண் மதிப்புதான்.

மறுநாள் காலை நான்கு மிதந்தன. புதன்கிழமைக்குள் ஏழு.

அண்ணன் கேட்ட கேள்விகள்

ஊரிலிருந்து திரும்பிய அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு வரிசையாகக் கேட்டார். கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லை? வந்ததும் வடிகட்டியைத் திறந்து பார்த்தாயா? தண்ணீர் எவ்வளவு மாற்றினாய்? ஆன்டி-குளோரின் போட்டாயா? பஞ்சை எதில் கழுவினாய்? மருந்தைப் பற்றி அவர் கேட்டது கடைசியில்தான்.

"உன் மீனுக்கு நோவே இல்ல தம்பி. மூச்சு முட்டிச்சு. அவ்ளோதான்."

அந்த நாலு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. மீன் வளர்ப்பவர்கள் பலர் என்னைப்போல முதலில் மருந்துப் புட்டியைத்தான் தேடுகிறார்கள் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

மீன் தன் கழிவை அமோனியாவாகத் தண்ணீரிலேயே விடுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அமோனியாதான். அது நஞ்சு. வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது குறைந்துவிடும். நான் அழுக்கு என்று நினைத்துப் பிழிந்து எறிந்தது இந்த நுண்ணுயிர்களைத்தான்.

அவற்றுக்கும் உயிர்க்காற்று வேண்டும். மின்சாரம் நின்றால் வடிகட்டிக்குள் தண்ணீர் தேங்கி, சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும். மறுபடி மின்சாரம் வரும்போது உள்ளே அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். அன்று காலை நான் பார்த்த கலங்கல் அதுதான். இதோடு துவாஸின் வெக்கை வேறு. 20 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்க்காற்றைப் பிடித்துவைக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீரை விரும்பும் சாதி. எங்கள் தகரக்கூரைப் பட்டறையில், குளிர்சாதனமும் காற்றுப் பம்பும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவை கடந்ததே பெரிது.

அந்த நிலையில் செய்திருக்க வேண்டியது எளிமையானது. காற்றுப் பம்பை வேகமாக ஓடவிட வேண்டும். கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, ஆன்டி-குளோரின் கலந்த புதுத்தண்ணீரால் மாற்ற வேண்டும். தீனியை நிறுத்த வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, இறைத்தெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

நாம் குடிக்கும் தண்ணீர், மீனுக்கு ஆகாத தண்ணீர்

சிங்கப்பூரின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2005ல் திறக்கப்பட்டது இதே துவாஸில்தான். அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்தில் அத்தகைய ஆலைகள் வந்துள்ளன. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கக்கூடிய தண்ணீர் நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அதே தண்ணீர் நேராக மீன்தொட்டிக்குப் போகக்கூடாது.

காரணம் குளோரமின். பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைக் கிருமியின்றி வைத்திருக்க, குளோரினும் அமோனியாவும் சேர்ந்த இந்தப் பொருளைப் பயன்படுத்துகிறது. நாம் குடிக்கும்போது அது வயிற்றிலேயே செயலிழந்துவிடும். மீனுக்கோ அது செவுள் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. ரத்தச் சுத்திகரிப்பு நிலையங்கள்கூட இதே காரணத்துக்காகத்தான் குழாய்நீரிலிருந்து குளோரமினை நீக்கிவிட்டுப் பயன்படுத்துகின்றன.

ஊரில் எங்கள் பாட்டி சொல்லும் வழி, தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்துவிடுவது. வெறும் குளோரினுக்கு அது சரி. குளோரமின் ஓர் இரவில் போகாது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஆன்டி-குளோரின் திரவத்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலப்பதே வழி. அது குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அமோனியா மிஞ்சும் என்பதால், அமோனியாவையும் கட்டிப்போடும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. பஞ்சைக் குழாயடியில் கழுவக்கூடாது என்பதற்கும் குளோரமின்தான் காரணம்.

அண்ணன் இரண்டாவது வேலையாக என்னைக் கடைக்கு அனுப்பிச் சோதனைத் துளி மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கிவரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துத் துளிகள் விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். அமோனியாவுக்கு மஞ்சள் என்றால் நலம். பச்சை ஏற ஏற ஆபத்து. நான் சோதித்த அன்றும் பச்சைதான். பட்டறையில் பற்றவைத்த இணைப்பு ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுபவன் நான். ஒரு தொட்டித் தண்ணீரைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை.

பட்டறைக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. காற்றுப் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. பக்கத்தில் சாயமோ தின்னரோ திறந்திருந்தால் அந்த ஆவியும் உள்ளே போகும். கொசு மருந்துப் புகை இன்னும் மோசம். அதில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு மீன்களுக்கு மிகக் கொடியது. புகை அடிக்கும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி, அந்த நேரத்துக்கு மட்டும் பம்பை நிறுத்திவைப்பது அண்ணனின் வழக்கம். வீவக வீடுகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மற்றொன்று, ஓய்வறைக்கு வரும் ஆளெல்லாம் காலையில் பராட்டாத் துண்டு போடுவது. இப்போது தொட்டிமேல் தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் "போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

உண்மையாகவே நோய் வந்தால்

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் சரியில்லை என்றால்தான் நோயைத் தேட வேண்டும். அண்ணன் தீனி போடும் நேரத்தில்தான் பார்ப்பார். ஓடிவராத மீன் எது, துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்திருப்பது எது, கல்லில் உரசிக்கொள்வது எது, மூலையில் ஒதுங்குவது எது. உடலில் புண் தெரிவதற்கு நாள்கள் முன்பே நடத்தை மாறிவிடும்.

அதிகம் வருவது வெள்ளைப்புள்ளி நோய். உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கடியில் வாழும் ஓர் ஒட்டுண்ணி. கொழுத்ததும் அது மீனைவிட்டுக் கீழே விழுந்து, தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். அவை நீந்தி அடுத்த மீனைத் தேடும். தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. நீந்தித் திரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்லமுடியும். புள்ளி மறைந்தவுடனே நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரம் இரட்டிப்பாக வருவது இதனால்தான். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்து தொடர வேண்டும்.

இதில் ஏமாறவும் இடமுண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக வெள்ளை மணிகள் முளைக்கும். அது நோயல்ல, வாலிபம். எங்கள் நான்கில் ஒன்றுக்கு அது வந்தபோது நான் மறுபடியும் புட்டியைத் தேடப் போனேன். அண்ணன் சிரித்த சிரிப்பு பட்டறை முழுக்கக் கேட்டது.

காயத்தின்மேல் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதேபோலத் தோன்றும் பாக்டீரியா நோய் ஒன்றும் உண்டு. முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய பட்டை விழும். வெப்பமான தண்ணீரில் வேகமாகப் பரவி ஓரிரு நாளில் கொன்றுவிடும். ஓரத்திலிருந்து கிழிந்து கரையும் துடுப்பு, பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரின் அடையாளம். உருண்டை வயிற்றுத் தங்கமீன் தலைகீழாக மிதந்தால் இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு தோலுரித்த வேகவைத்த பச்சைப்பட்டாணியைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம். வயிறு வீங்கிச் செதில்கள் எல்லாம் அன்னாசிப்பழம் போல விரிந்து நின்றால் உள்ளுறுப்புகள் செயலிழக்கின்றன என்று பொருள். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது.

மருந்து போடுவதென்றால் முதலில் கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். எங்கள் தொட்டி 90, 45, 40. அதாவது 162 லிட்டர். கல்லும் மணலும் போக 150 என்று வைத்துக்கொள்ளலாம். வடிகட்டியில் கரித்தூள் இருந்தால் அதை வெளியே எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும். ஒரு நேரத்தில் ஒரே மருந்து. பல மருந்துகள் தண்ணீரில் உயிர்க்காற்றைக் குறைப்பதால் காற்றுப் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். முடிந்தால் நோயாளி மீனைத் தனித்தொட்டியில் வைத்துச் சிகிச்சை தருவதே சிறப்பு. பெரிய தொட்டியின் நுண்ணுயிர்களும் பிழைக்கும்.

லேசான நோய்களுக்கு அண்ணனின் முதல் மருந்து சமையல் கல்லுப்பு. லிட்டருக்கு ஒரு கிராம் என்று தொடங்கி, கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுவார். தங்கமீன் அதைத் தாங்கும். செதிலில்லாத மீன்களும் தண்ணீர்ச் செடிகளும் அந்த அளவுக்குத் தாங்கா.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தொட்டியில் கரைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. நோயைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் போடும் அந்த மருந்து, வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களைக் கொல்லும். கெட்டவற்றுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஐந்து வெள்ளி மீனுக்கு அவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த அரோவானா வைத்திருப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். ஐந்து வெள்ளி மீனை வைத்திருப்பவர் கேட்டால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குறைந்தபட்சம் மாத்திரையைக் கரைக்காமலாவது இருக்கலாம்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்தொட்டித் தண்ணீரில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா, கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடியது. எங்கள் பட்டறையில் கையில் கீறலில்லாத ஆளைப் பார்ப்பது கடினம் என்பதால் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கைவரை வரும் கையுறை தொங்குகிறது. தண்ணீர் இறைக்கும் குழாயை வாயால் உறிஞ்சுவதையும் விட்டுவிட்டோம்.

அக்கா வீட்டுத் தொட்டி

ஜூன் பள்ளி விடுமுறையில் ஈசூனில் இருக்கும் அக்கா, பிள்ளைகளுக்கு மீன்தொட்டி வாங்கித் தரப்போவதாகச் சொன்னார். ஒரே நாளில் தொட்டியும் பத்து மீனும் வாங்கி, மாலையில் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தர வேண்டும் என்பது திட்டம். நான் தடுத்தேன். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனைப் போட்டால், பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பார்ப்பது சாவைத்தான். அண்ணன் எங்கள் தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சை ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுத்தார். துவாஸிலிருந்து ஈசூன்வரை ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உறை மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பது போலத்தான் அதுவும். பழைய பஞ்சை வைத்த தொட்டி சீக்கிரம் தயாராகிவிடும். இரண்டு மீனில் தொடங்கி, வாரம் ஒருமுறை மருமகள் துளி விட்டு நிறம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறாள்.

அடுத்து வாங்கும் மீன்களை நேராகத் தொட்டியில் விடக்கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சின்ன வடிகட்டி, தனி வலை. அதில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டி. கடைப்பையின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. பார்க்க நலமாக இருக்கும் மீனும் நோயைச் சுமந்துவரும். 1998ல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வெளிப்பட்ட கோய் ஹெர்பிஸ் கிருமி, 2002ல் இந்தோனீசியாவையும் 2003ல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரிக் கெண்டை வளர்ப்பையும் தாக்கியது. உயிர் மீன்களின் வணிகம் அது பரவியதற்கு முக்கிய வழி. வண்ணமீன் ஏற்றுமதியில் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற சிங்கப்பூர், வெளிநாடு செல்லும் மீன்களுக்கு நலச் சான்றிதழ் தந்து அனுப்புகிறது. நம் வீட்டுத் தொட்டிக்கு அந்தச் சான்றிதழ் அதிகாரி நாம்தான்.

வளர்க்க முடியாமல் போனால் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடக்கூடாது. சட்டப்படி அது குற்றம். ஆண்டுதோறும் விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் இதை நினைவூட்டுகின்றன. புண்ணியம் என்று நினைத்து விடும் மீன் பெரும்பாலும் செத்துப்போகிறது; சாகாதது அங்கிருக்கும் மற்ற உயிர்களுக்கு நோயையும் போட்டியையும் கொண்டுபோகிறது. இறந்த மீனைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும்.

சென்ற மாதம் பட்டறையில் மறுபடியும் மின்சாரத்தை நிறுத்தப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த முறையும் ஞாயிற்றுக்கிழமை. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குத் துவாஸ் லிங்கில் இறங்கினேன். ஞாயிறன்று நிறுவன வேன் கிடையாது. வெயிலில் நடந்துபோய்ச் சேர்ந்தால், ஓய்வறையில் அண்ணன் ஏற்கெனவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு பம்ப். தொட்டிக்கு வெளியே மகள் கைப்பேசித் திரையில் இருந்தாள்.

"இவர்தான் அந்த மாமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தனை இருக்கு, எண்ணுங்க" என்றாள். எண்ணிக் காட்டினேன்.